கரையான் மருந்து ஊற்றிய மறுநாள் மழை. கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை. தானாகப் போய்விடுமா?

கொட்டிவாக்கம்_வாணி
செப்டம்பர் 14, இரவு 9:12

வணக்கம். இந்தக் குழுவில் வேதியியல் படித்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் அம்மாவுக்காக ஒரு ரூம் கட்டுகிறோம். 12-க்கு 15 அடி. கடைக்கால் எழுப்பி, சவுடு மண் நிரப்பி, தண்ணீர் விட்டு, திம்ஸ் அடித்துக் கெட்டிப்படுத்தியாயிற்று. வியாழக்கிழமை கரையான் மருந்து ஊற்றினார்கள். வெள்ளிக்கிழமை மேலே பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட்) போடுவதாகப் பேச்சு, ஆள் வரவில்லை. அன்று ராத்திரி இடியோடு ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது.

சனிக்கிழமை காலை மோட்டார் போட்டால் தண்ணீரில் மண்ணெண்ணெய் மாதிரி வாடை. கொசுவுக்காகக் கிணற்றில் விட்டிருந்த கப்பி மீன்கள் மொத்தமும் மேலே மிதக்கின்றன. டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் மேல் மெல்லிய வானவில் படலம்.

எங்களுடையது பழைய உறைக் கிணறு. ரூமுக்கும் அதற்கும் சரியாகப் பத்தடி. குடிக்கக் கேன் தண்ணீர்தான், ஆனால் குளிக்க, பாத்திரம் கழுவ, துணி துவைக்க எல்லாம் கிணறு. மருந்து ஊற்றியவருக்குப் போன் செய்தேன். "மண்ணுல அப்படியே ஒட்டிக்கும் மேடம், தண்ணிக்கு வரவே வராது. வாடை ரெண்டு நாள்ல போயிடும்" என்கிறார். டப்பாவில் குளோர்பைரிபாஸ் 20 ஈசி என்று போட்டிருக்கிறது.

வரவே வராது என்றால் மீன் ஏன் செத்தது?


மேஸ்திரி_மகன்
செப்டம்பர் 14, இரவு 9:41

அக்கா, மருந்து ஊத்தினா அன்னிக்கு சாயங்காலமே மேல பாலிதீன் ஷீட் விரிச்சுடணும், மறுநாள் பிசிசி. எங்கப்பா சைட்ல இதுக்குன்னு ஆள் நிறுத்துவாரு. வானம் இருட்டிக்கிட்டு இருந்தா மருந்து வண்டியவே திருப்பி அனுப்பிடுவாரு. ஈர மண்ணுல ஊத்தினா மருந்து உள்ள இறங்காது, மேலயே நிக்கும். அதான் மழையில அடிச்சுக்கிட்டு போயிருக்கும்.

இப்போதைக்கு அந்தத் தண்ணி எதுக்கும் வேணாம். பாத்திரத்துக்குக்கூட.


வேப்பங்காய்
செப்டம்பர் 14, இரவு 10:05

இந்த விஷத்தை வீட்டுக்கு அடியில் ஊற்றிவிட்டு மேலே படுத்துத் தூங்குகிறோம் பாருங்கள், அதுதான் ஆச்சரியம். அமெரிக்காவில் வீட்டுக் கரையானுக்கு இதைப் பயன்படுத்துவதை 2000-இலேயே ஒப்பந்தம் போட்டு, 2005 முடிவோடு நிறுத்தினார்கள். ஐரோப்பாவில் 2020-இல் தடை. எளிதில் சிதையாத நச்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நீக்க வேண்டிய பட்டியலிலும் 2025-இல் சேர்த்துவிட்டார்கள். நாம் மட்டும் லிட்டர் கணக்கில் ஊற்றுவோம். வேப்பெண்ணெய், சுண்ணாம்பு, உப்பு போதும். எங்கள் தாத்தா வீடு 70 வருஷம் நின்றது.


மேஸ்திரி_மகன்
செப்டம்பர் 14, இரவு 10:11

உங்க தாத்தா வீட்ல தேக்கு மரம் சார். இப்ப பிளைவுட்டு.


ஓய்வுபெற்ற_குப்பி
செப்டம்பர் 15, காலை 6:20

வாணி அம்மா, முதலில் செய்ய வேண்டியது: மோட்டாரை நிறுத்துங்கள். மேல்தொட்டிக்கு ஏறிய தண்ணீரையும் குளிக்க எடுக்க வேண்டாம். இந்த மருந்து நரம்பு சம்பந்தப்பட்ட ஒரு என்சைமைக் கட்டிப்போடும் வகை. வீட்டில் யாருக்காவது தலைவலி, குமட்டல், வாயில் எச்சில் ஊறுவது, கண் மங்குவது என்று தோன்றினால் டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பெயர் தெரிந்தால் அவர்களுக்கு வேலை பாதி முடிந்தது.

வாடை பற்றி. அது பெரும்பாலும் மருந்தின் வாடை இல்லை. குளோர்பைரிபாஸ் தனியாக இருந்தால் வெள்ளைத் திடப்பொருள், லேசான கந்தக நெடி உடையது. தண்ணீரில் கரையவே மறுக்கும். ஒரு லிட்டரில் 1.4 மில்லிகிராம், அவ்வளவுதான். அப்படிப்பட்டதைத் தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டுமென்றால் முதலில் சைலீன் போன்ற பெட்ரோலிய எண்ணெயில் கரைத்து, கூடவே சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சேர்த்து டப்பாவில் அடைப்பார்கள். தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுக்கும், பார்த்திருப்பீர்கள். 20 ஈசி என்பதில் ஈசி அதைத்தான் குறிக்கிறது. உங்கள் மூக்குக்கு வந்தது அந்த எண்ணெய். வானவில் படலமும் அதுவே.

இதனால் இரண்டு விஷயம். வாடை போனது என்றால் எண்ணெய் ஆவியானது என்றுதான் பொருள்; மருந்து போனதாகப் பொருளில்லை. மருந்துக்காரர் சொன்ன "ரெண்டு நாள்" வாடைக்குப் பொருந்தலாம்.

இரண்டாவது, அளவு. கரையான் தடுப்புக்கான நம் இந்தியத் தரம் ஐஎஸ் 6313-இன்படி 1 சதவீதக் கலவை, நிரப்பிய மண்ணின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். அதாவது சதுர மீட்டருக்கு 50 கிராம் மருந்து. வயலில் ஒரு ஹெக்டேருக்கு அரை கிலோ அடித்தால் சதுர மீட்டருக்கு 0.05 கிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். உங்கள் ரூம் ஏறக்குறைய 17 சதுர மீட்டர். சுவரோரம் ஊற்றியதை விட்டுவிட்டாலும் 850 கிராம்.

கிணற்றின் விட்டமும் தண்ணீர் ஆழமும் சொல்லுங்கள். இன்னொரு கணக்கு இருக்கிறது.


கொட்டிவாக்கம்_வாணி
செப்டம்பர் 15, காலை 7:02

நன்றி சார். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நேற்றிலிருந்து லாரித் தண்ணீர்தான்.

நாலடி உறை. தண்ணீர் ஏழடிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.


ஓய்வுபெற்ற_குப்பி
செப்டம்பர் 15, காலை 7:30

அப்படியானால் கிணற்றில் 2,200 லிட்டர் சொச்சம். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் குளோர்பைரிபாஸுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை வரம்பு. உங்கள் கிணறு முழுவதும் அந்த வரம்பைத் தொட 68 மில்லிகிராம் மருந்து போதும். ஊற்றிய கலவையில் ஒரு லிட்டருக்கு 10 கிராம். ஆகவே ஏழு மில்லிலிட்டர்கூட வேண்டாம், ஒன்றரை டீஸ்பூன். நீங்கள் ஊற்றியதோ 85 லிட்டர்.

மீன்களின் கணக்கு வேறு. சில மீன் இனங்களில் லிட்டருக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராமிலேயே நான்கு நாளில் பாதி செத்துவிடும். கப்பி அந்த அளவு நோஞ்சான் இல்லை, ஆனாலும் மேலே படிந்த எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்ந்து அடித்திருக்கும். மீன் செத்ததை வைத்து அளவு சொல்ல முடியாது. ஏதோ உள்ளே வந்தது என்பது மட்டும் நிச்சயம்.


தி_நகர்_சந்து
செப்டம்பர் 15, காலை 9:15

எங்கள் வீட்டில் இதே மருந்து, கிணறு இதைவிடப் பக்கம். பத்து வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. மருந்துக்காரர் சொல்வது சரிதானோ என்னவோ?


மண்ணியல்_மாணவி
செப்டம்பர் 15, மதியம் 1:48

அவர் சொல்வது பாதி சரி. மீதிப் பாதி உங்கள் காலடியில் என்ன மண் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

குளோர்பைரிபாஸுக்குத் தண்ணீர் பிடிக்காது, மண்ணில் உள்ள மட்கு பிடிக்கும். இலைதழை மக்கிக் கறுத்துப் போன பகுதி இருக்கிறதே, மண் பரிசோதனைச் சீட்டில் அங்ககக் கார்பன் என்று வருமே, அதில்தான் போய் ஒட்டும். அந்தக் கார்பனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் விட்டால் ஏறக்குறைய 6,000-க்கு 1 என்று கார்பன் பக்கம் சாயும். அதனால் "மண்ணில் ஒட்டிக்கும்" என்பது மட்கு இருக்கும் மண்ணுக்கு.

தோராயமாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு சதவீதம் கார்பன் உள்ள நல்ல தோட்ட மண்ணில் தண்ணீர் 240 அடி போகும் நேரத்தில் மருந்து ஓரடி நகரும். 0.1 சதவீதம் என்றால் தண்ணீர் 25 அடி, மருந்து ஓரடி. கொட்டிவாக்கம், திருவான்மியூர் பக்கத்துக் கடற்கரை மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள், சர்க்கரை மாதிரி உதிரும். அதில் கார்பன் 0.02 சதவீதம் என்று வைத்தால் தண்ணீர் ஆறடிக்கு மருந்து ஓரடி. கார்பன் இவ்வளவு குறைந்தால் மணலில் கலந்த கொஞ்சநஞ்சக் களியும் பிடித்துக்கொள்ளும் என்பதால் கடைசி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரே டப்பா, ஒரே ஊர், ஒரே ஆள் ஊற்றினாலும் தி. நகர் களிமண்ணில் ஒரு கதை, கடலோர மணலில் இன்னொரு கதை. சந்து சார் கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது வாணி அக்கா கிணற்றுக்குச் சாட்சி ஆகாது.

இப்போது எனக்கு இடிப்பது வேறு ஒன்று. மணல் எவ்வளவுதான் ஒட்டாமல் விட்டாலும், கடலோர நிலம் கிட்டத்தட்டத் தட்டை. நிலத்தடி நீர் அதில் தானாக நகர்வது ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர். மோட்டார் போட்டால் கிணற்றருகில் கொஞ்சம் வேகம் கூடும். எப்படிப் பார்த்தாலும் வெள்ளி ராத்திரி பெய்த மழை சனி காலைக்குள் பத்தடி மணலைக் கடந்து, மருந்தையும் இழுத்துக்கொண்டு, கிணற்றுக்குள் வர வழியில்லை. அதிலும் மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தோடு!

இது மண் வழியாக வரவில்லை. வேறு எங்கோ குறுக்குவழி இருக்கிறது. அக்கா, உங்கள் மழைநீர்க் குழாய் எங்கே போகிறது?


கொட்டிவாக்கம்_வாணி
செப்டம்பர் 15, மாலை 6:33

கிணற்றுக்கு.

2003-இல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது அப்பா மொட்டைமாடிக் குழாயைக் கிணற்றுக்கே திருப்பிவிட்டார். நடுவில் ஜல்லியும் மணலும் போட்ட ஒரு சின்னத் தொட்டி. அந்தத் தொட்டி இப்போது புது ரூமின் கடைக்காலுக்கு ஒன்றரை அடியில் இருக்கிறது.

இதைப் படித்ததும் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டி மூடி உடைந்து கிடக்கிறது, மேலே சிமென்ட் மூட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். சவுடு மேல் தேங்கிய தண்ணீர் ஒரு மூலையில் கரையை உடைத்துக்கொண்டு நேராக அதற்குள் இறங்கியிருக்கிறது. செம்மண் கறை தெரிகிறது.


மேஸ்திரி_மகன்
செப்டம்பர் 15, மாலை 6:50

போச்சு.


மண்ணியல்_மாணவி
செப்டம்பர் 15, இரவு 8:10

அப்படியானால் புரிகிறது. புதிதாகக் கலந்த கலவை பால் மாதிரி ஓடும். அந்த எண்ணெய்த் துளிகள் உடைந்து மருந்து மண்ணைப் பிடித்துக்கொள்ள நேரம் வேண்டும். ஈர மண்ணில் ஊற்றி அடுத்த ராத்திரியே மழை என்றால் அந்த நேரம் கிடைக்கவில்லை. கூடவே, கரைந்து ஓடிய சவுட்டின் மென்மையான களித்துகள்களில் ஒட்டிக்கொண்டும் கொஞ்சம் பயணம் செய்திருக்கும். மண்ணில் ஒட்டும் என்கிறோம், அந்த மண்ணே ஓடினால்?

ஜல்லித் தொட்டி குப்பையையும் இலையையும் பிடிக்கும். இதைப் பிடிக்காது.

ஒரு ஆறுதல்: நிலத்தடி நீர் முழுக்கப் பரவவில்லை, கிணற்றுக்குள் விழுந்தது மட்டும்தான். வெளியே இழுத்துவிட வாய்ப்பிருக்கிறது. குழாயை இன்றே கழற்றிவிடுங்கள்.


அடையாறு_ஆலமரம்
செப்டம்பர் 15, இரவு 8:42

இரண்டு கிலோ பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் விட்டு இறைத்தால் சரியாகிவிடும். வெள்ளம் வந்தபோது எல்லோரும் அதைத்தானே செய்தோம்.


ஓய்வுபெற்ற_குப்பி
செப்டம்பர் 15, இரவு 8:55

தயவுசெய்து வேண்டாம்!

வெள்ளத்தில் உங்கள் கிணற்றுக்கு வந்தது கிருமி. இது கிருமி இல்லை. குளோர்பைரிபாஸ் மூலக்கூறில் பாஸ்பரஸோடு ஒரு கந்தக அணு ஒட்டியிருக்கிறது. குளோரின் பட்டால் அந்தக் கந்தகம் போய் அங்கே ஆக்சிஜன் உட்காரும். அப்படி வருவதை ஆக்சான் என்போம். உடம்புக்குள் போனபின் கல்லீரல் செய்யும் அதே மாற்றம்தான், நரம்பைத் தாக்குவது உண்மையில் இந்த ஆக்சான்தான். கிணற்றிலேயே அதைத் தயாரித்துக் கொடுக்க வேண்டாம். கொதிக்க வைத்தும் குளிக்க வேண்டாம், எண்ணெய் ஆவி குளியலறையை நிரப்பும்.

தானாக உடையுமா என்று தலைப்பில் கேட்டிருந்தீர்கள். உடையும். ஆய்வகத்தில் 25 டிகிரியில் பிஎச் 7 உள்ள தண்ணீரில் பாதி சிதைய 72 நாள். பிஎச் 9-இல் 16 நாள். காரம் ஏற ஏற வேகம். ஆனால் உறைக் கிணற்றில் வெயில் இறங்காது, கீழே குளிர்ச்சி, ஆவியாகவும் இடமில்லை. அடியில் சேறு வேறு இருக்கும், மருந்தில் ஒரு பங்கு அதில் போய்ப் படுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியும். நான் காத்திருக்க மாட்டேன். இறைத்துவிடுவேன்.

ஆனால் இறைப்பதற்கு முன் சோதனைக்குத் தண்ணீர் எடுங்கள். வழக்கமாகக் கிணற்றுத் தண்ணீருக்குச் செய்யும் டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு பட்டியலில் பூச்சிமருந்து வராது. தனியாகக் கேட்க வேண்டும், காசும் கூட. என்ஏபிஎல் (ஆய்வகங்களைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமா, பூச்சிமருந்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். பாட்டில் அவர்களிடமே வாங்குங்கள், பழுப்பு நிறக் கண்ணாடி. கேன் தண்ணீர் பாட்டிலில் பிடித்தால் மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு வெறும் தண்ணீர்தான் போய்ச் சேரும். இப்படி ஒட்டிப்போய் "இல்லை" என்று வந்த முடிவுகளை என் வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். காற்றுக் குமிழ் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே கொடுத்துவிடுங்கள்.

தயவுசெய்து யாரையும் தூர் வாரக் கிணற்றில் இறக்காதீர்கள். சாதாரண நாளிலேயே உள்ளே விஷவாயு இருக்கும். இப்போது கூடவே கரைப்பான் ஆவி. சேற்றுப் பம்பை மேலிருந்து இறக்கி எடுக்கட்டும்.


பள்ளிக்கரணை_நாரை
செப்டம்பர் 16, காலை 7:05

இறைத்து எங்கே விடப்போகிறீர்கள்? தெருவில் விட்டால் மழைநீர்க் கால்வாய், அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய். மீனுக்கு இரண்டு மைக்ரோகிராம் என்று சார் சொன்னார். மீனுக்கு இரையாகும் பூச்சி, நீர்த்தெள்ளு மாதிரியான பொடிசுகளுக்கு அதைவிடக் குறைவு போதும். நாங்கள் அங்கே பறவை எண்ணப் போகிறவர்கள், அதனால் கேட்கிறேன். ஒரு வீடு என்றால் பரவாயில்லை என்று தோன்றும். ஓஎம்ஆர் பக்கம் எத்தனை கடைக்கால் தோண்டுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.


மண்ணியல்_மாணவி
செப்டம்பர் 16, காலை 9:20

நாரை சொல்வது நியாயம். மருந்துக்கு மட்கு பிடிக்கும் என்றோமே, அதையே பயன்படுத்தலாம். அக்கா, வீட்டின் முன்பக்கம், கிணற்றிலிருந்து முடிந்தவரை தூரத்தில், இடம் இருக்கிறதா? மக்கிய தொழுஉரமோ காய்ந்த இலை மட்கோ அரையடிக்குப் பரப்பி, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நாள் கணக்கில் தெளிக்கலாம். தேங்கவோ ஓடவோ விடக்கூடாது. மட்கில் ஒட்டிக்கொள்ளும், அங்கே நுண்ணுயிர்கள் ஏராளம், வெயிலும் படும். இந்த நீர்த்த அளவில் வாரங்கள், சில மாதங்கள் என்ற கணக்கில் சிதைந்துவிடும். கீரை, காய் எதுவும் அங்கே வேண்டாம், கோழி இருந்தால் விடாதீர்கள். ஒட்டாத பங்கு ஏதாவது இருந்தால் பிடிக்க, முதலில் வரும் வாடையடிக்கும் தண்ணீரை மட்டும் கரித்தூள் நிரப்பிய ட்ரம் வழியாக விடலாம். ஆக்டிவேட்டட் கார்பன் இதை நன்றாகப் பிடிக்கும்.

ரூமுக்கு அடியில் இருக்கும் 850 கிராம் அப்படிச் சீக்கிரம் போகாது. அவ்வளவு அடர்த்தியில் நுண்ணுயிர்களே செத்துப்போகும். வருடக் கணக்கில் நிற்கும். கரையானுக்கு ஊற்றுவதே அது நிற்க வேண்டும் என்றுதானே. மேலே பிசிசி விழுந்துவிட்டால் மழை உள்ளே இறங்காது, தண்ணீர் இல்லாமல் அதற்குக் கால் இல்லை.

உடையும்போது வருவது டிசிபி என்ற துண்டு. தாயைவிட விஷம் மிகக் குறைவு. ஆனால் தண்ணீரில் கரையும், மண்ணில் அவ்வளவாக ஒட்டாது. தாய் போகாத தூரம் பிள்ளை போகும்.


வேப்பங்காய்
செப்டம்பர் 16, காலை 11:40

ஆக மொத்தம், வாங்காமல் இருந்திருந்தால் இத்தனை பாடு இல்லை. சரி, சண்டைக்கு வரவில்லை. அடுத்த முறை என்ன செய்யலாம்? மருந்துக் கடைக்காரர் இப்போது "வாடையே இல்லாத புது மருந்து" என்று இமிடாகுளோபிரிட் கொடுக்கிறார். அது தேவலையா?


ஓய்வுபெற்ற_குப்பி
செப்டம்பர் 16, மதியம் 3:15

வாடை இல்லை என்பதைத் தகுதியாகச் சொல்வதுதான் எனக்குப் பயம். வாணி வீட்டில் அந்த எண்ணெய் நாறியதால்தான் விஷயமே தெரிந்தது.

இமிடாகுளோபிரிட் மனிதருக்கும் மீனுக்கும் நஞ்சு குறைவு. கரையான் அதை உணராமல் நடந்து போய்த் தன் கூட்டத்துக்கும் பூசிவிடும். தரப்படி கலவையும் 0.075 சதவீதம்தான், சதுர மீட்டருக்கு நாலு கிராமுக்கும் குறைவு. இதெல்லாம் நல்லது. ஆனால் அது ஒரு லிட்டர் தண்ணீரில் 600 மில்லிகிராம் கரையும். குளோர்பைரிபாஸைப்போல நானூறு மடங்கு.


மண்ணியல்_மாணவி
செப்டம்பர் 16, மாலை 4:02

சாரின் கணக்கைத் தொடர்கிறேன். 0.1 சதவீதக் கார்பன் மணலில் குளோர்பைரிபாஸ் ஓரடி போகத் தண்ணீர் 25 அடி போக வேண்டும் என்றேன். இமிடாகுளோபிரிட் ஓரடி போகத் தண்ணீர் இரண்டடி போனால் போதும். சுத்தமான கடல் மணலில் கிட்டத்தட்டத் தண்ணீரோடு கைகோத்துக்கொண்டே போகும். வெயில் பட்டால் சில மணி நேரத்தில் உடையும், ஆனால் பூமிக்குள் வெயில் ஏது? தேனீக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் கொடியது. கொட்டிவாக்கம் மணலில், கிணறு பத்தடியில் இருக்கும்போது, நான் அதைக் கையில் எடுக்க மாட்டேன். களிமண்ணில் என்றால் யோசிப்பேன்.

பழைய காலத்து ஆல்டிரின், ஹெப்டாகுளோர் எல்லாம் 1996-இல் தடையாயின. அவை இடத்தை விட்டு நகராது, ஆனால் சாகவும் சாகாது. நகராதது, சீக்கிரம் சாவது, கரையானை மட்டும் கொல்வது, மூன்றும் சேர்ந்த மருந்து இன்னும் வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் மருந்துக்குப் பதிலாக ஸ்டீல் வலையோ, கரையான் வாயால் நகர்த்தவும் முடியாத, இடுக்கில் நுழையவும் முடியாத அளவில் உடைத்த கருங்கல் பொடியோ அஸ்திவாரத்தைச் சுற்றிப் போடுகிறார்கள்.


மேஸ்திரி_மகன்
செப்டம்பர் 16, மாலை 5:30

அந்தக் கல்லுப் பொடி மேட்டர் சூப்பரா இருக்கே. இங்க கிரஷர்ல எம்-சாண்ட் சலிக்கிறாங்க, அந்த சைஸ் கேட்டா தருவாங்களா பாக்கணும்.


மட்டுறுத்துநர்
செப்டம்பர் 16, இரவு 10:00

மருந்து ஊற்றிய நிறுவனத்தின் பெயர், போன் நம்பர் இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். புகார் கொடுக்க வேண்டிய இடம் வேறு. விவாதம் தொடரட்டும்.


கொட்டிவாக்கம்_வாணி
அக்டோபர் 8, இரவு 9:50

பதில் போடத் தாமதம், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

குழாயைக் கழற்றினோம். 17-ஆம் தேதி கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பிறகு சேற்றுப் பம்பு வைத்து அடிச்சேற்றை எடுத்தோம். அது மட்டும் நாலு பக்கெட். மூடி வைத்திருக்கிறேன், என்ன செய்வது என்று பிறகு கேட்கிறேன். தண்ணீரைப் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கம் மாட்டெரு மேல் விட்டோம். மாட்டெரு கொண்டுவந்த வண்டிக்காரர் "செடியே இல்லாத இடத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு எரு" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது, சிரித்துவிட்டேன்.

முதல் முடிவு: குளோர்பைரிபாஸ் லிட்டருக்கு 11 மைக்ரோகிராம், சைலீனும் இருந்தது. இறைத்த பிறகு அக்டோபர் 1-இல் எடுத்தது: 0.4. சைலீன் இல்லை. டிசிபி அவர்கள் பட்டியலிலேயே இல்லையாம்.

11 என்பதே 30-க்குக் கீழேதான் என்று மருந்துக்காரர் என்னிடமே வாதாடுகிறார். அப்படியானால் நாம் இவ்வளவு செய்தது வீணா?


ஓய்வுபெற்ற_குப்பி
அக்டோபர் 9, காலை 6:05

வீண் இல்லை. முதல் பாட்டில் எடுத்தது நான்கு நாள் கழித்து. அதற்குள் சேறு ஒரு பங்கை விழுங்கியிருக்கும். சனிக்கிழமை காலை எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, நீங்கள் குடிக்கும் கேன் தண்ணீருக்கான தரத்தில் எந்த ஒரு பூச்சிமருந்தும் 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. ஒரே நாட்டில் ஒரே மருந்துக்கு ஒரு தாளில் 30, இன்னொரு தாளில் 0.1. அவர் 30 தாளைக் காட்டினால் நீங்கள் மற்றதைக் காட்டுங்கள்.

குளிக்க, துவைக்க 0.4 போதும் என்பது என் எண்ணம். குடிக்கவோ சமைக்கவோ இப்போதைக்கு வேண்டாம். மழைக்காலம் முடிந்து ஜனவரியில் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

சேற்றுப் பக்கெட்டுகளை எருக் குவியலில் கலந்து மேலே தார்ப்பாய் போட்டு வையுங்கள். மழை படக்கூடாது.


மேஸ்திரி_மகன்
அக்டோபர் 9, காலை 8:12

பிசிசி போட்டாச்சா அக்கா?


கொட்டிவாக்கம்_வாணி
அக்டோபர் 9, இரவு 10:20

போட்டாச்சு தம்பி, நீங்கள் சொன்ன ஷீட்டோடு. ஜல்லித் தொட்டியை அங்கிருந்து எடுத்துவிட்டு, வீட்டின் அந்தப் பக்கம் தரைமட்டத்திலிருந்து ஓரடி உயர்த்திப் புதிதாகக் கட்டியிருக்கிறோம். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டுப் பிறகுதான் கிணற்றுக்குத் திருப்பப் போகிறேன். நேற்று நாலு கப்பி மீன் விட்டேன், இன்று நாலும் இருக்கின்றன.

இன்று காலை அடுத்த வீட்டில் கடைக்கால் தோண்ட ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்கள் மதில் ஓரத்திலிருந்து என் கிணற்றுக்கு எட்டடி. நாளைக்கு மேஸ்திரியைப் பார்த்து, மருந்து எந்தக் கிழமை ஊற்றுகிறார்கள், அவர்கள் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று இரண்டையும் கேட்கப் போகிறேன்.